மீனுக்கு இல்லாத தீட்டு

கொரோனா ஊரடங்கு தொடங்கிய முதல் மாதத்திலேயே அந்தச் செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வாசலில் கிண்டியில் (மூக்குச் செம்பில்) தண்ணீர் வைத்து, கால் கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னது ஏன்? கை குலுக்காமல் கும்பிடச் சொன்னது ஏன்? பிறப்புத் தீட்டு, இறப்புத் தீட்டு என்று நாள் கணக்கில் ஒதுங்கி இருக்கச் சொன்னது ஏன்? எட்டி நில் என்றது ஏன்? எல்லாம் விஞ்ஞானம்; நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல. அடியில் வரிசையாகக் கும்பிடும் கைகள். பணி ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவரும் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்.

கால் கழுவுவது நல்லதுதான், அதில் சண்டை இல்லை. 2020 மார்ச்சில் கேரள அரசும் 'பிரேக் தி செயின்' என்று இயக்கம் நடத்தி, பொது இடங்களில் குழாயும் சோப்பும் வைத்தது. அந்தக் குழாயில் யார் வேண்டுமானாலும் கை கழுவலாம். கிண்டி இருந்த திண்ணை வரைக்கும் வருவதற்கு யாருக்கெல்லாம் அனுமதி இருந்தது என்பதை மட்டும் வாட்ஸ்அப் விஞ்ஞானி சொல்லாமல் விட்டுவிட்டார்.

மற்றவற்றை விட்டுவிடுவோம். 'எட்டி நில்' ஒன்றை மட்டும் சோதித்துப் பார்க்கலாம். அதற்குப் பொருத்தமான ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகும் வழியில் கடலோரமாகத் திரும்பினால் விழிஞ்ஞம். இன்று துறைமுகம், ராட்சதக் கப்பல்கள் என்று செய்தியில் அடிபடுகிற ஊர். அதை ஒட்டி உள்ளே தள்ளி வெங்கானூர். புலையர்களின் உரிமைக்குப் போராடிய அய்யன்காளி 1863 ஆகஸ்டில் பிறந்தது அங்கேதான்.

எட்டி நிற்பதற்கு மலையாள நாட்டில் அளவே இருந்தது. நம்பூதிரியின் அருகில் நாயர் வரலாம், தொடக் கூடாது. ஈழவர் 36 எட்டு தள்ளி நிற்க வேண்டும், புலையர் 96 எட்டு. பழைய குறிப்புகளில் இந்தக் கணக்கு இருக்கிறது. இது நோய்த்தடுப்பு என்றால், ஈழவரிடமிருந்து 36 எட்டும் புலையரிடமிருந்து 96 எட்டும் பறக்கிற அந்தக் கிருமி எது? புலையர் நட்டு, களை பறித்து, அறுத்து, சுமந்து வந்து போட்ட நெல் பத்தாயத்துக்குள் போனது. அவர் நிழல் மட்டும் முற்றத்தில் விழக் கூடாது. நம்பூதிரிக்கு அம்மை வார்த்திருந்தால், புலையரிடமிருந்து 96 எட்டு விலகி நில்லும் என்று அவரிடம் யாராவது சொன்னதுண்டா? நோய்க்காக விடுகிற இடைவெளி இரண்டு பக்கமும் செல்லும், நோய் தீர்ந்ததும் முடியும். பிறந்த அன்று தொடங்கி, ஒரு பக்கம் மட்டுமே செல்லுகிற இடைவெளிக்கு மருத்துவத்தில் வேலை இல்லை.

பொதுவழியில் நடக்கவே உரிமை இல்லாத காலத்தில், 1893-ல், அய்யன்காளி வில்வண்டி கட்டி அதே வழியில் ஓட்டிக்கொண்டு போனார். பிறகு எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம். பட்டினி போட்டால் பணிந்துவிடுவார்கள் என்று நிலக்காரர்கள் காத்திருந்தார்கள். அப்போது அவர் விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்களிடம் போய்ப் பேசினார் என்றும், வேலையிழந்தவர்களை அவர்கள் வள்ளத்துக்கு ஒருவராக ஏற்றிக்கொண்டு மீனில் பங்கு கொடுத்தார்கள் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வள்ளத்தில் 96 எட்டு தள்ளி உட்கார இடம் கிடையாது.

அந்தக் கடற்கரைக்குத்தான் 2020 ஜூலையில் 'எட்டி நில்' வந்தது. ஜூலை 6 முதல் திருவனந்தபுரம் மாநகராட்சிப் பகுதியில் 'டிரிபிள் லாக்டவுன்' என்ற கடும் ஊரடங்கு. மீனவர் ஊரான பூந்துறையில் கமாண்டோக்கள் இறங்கினார்கள். குமரிச்சந்தை மீன் சந்தை வழியாகத் தொற்று வந்தது, கன்னியாகுமரிப் பக்கத்து மீனோடு வந்தது என்று பேச்சு. ஜூலை 17 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் நடந்துவிட்டது என்று அறிவித்தார். கரையை மூன்று மண்டலமாகப் பிரித்தார்கள்: இடவா முதல் பெருமாதுறை, பெருமாதுறை முதல் விழிஞ்ஞம், விழிஞ்ஞம் முதல் பொழியூர். விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிற ஜூன், ஜூலைதான் விழிஞ்ஞத்தில் வள்ளக்காரர்கள் நாலு காசு பார்க்கிற சீசன். அடைப்பு சரியாக அதன் மேல் வந்து விழுந்தது.

அடைத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தொற்று உண்மையாகவே பரவியது. சமூகப் பரவல் என்ற சொல்லை வாயில் எடுக்கவே மற்ற அரசுகள் தயங்கிய நேரத்தில் அதைச் சொன்ன நேர்மைக்கு மதிப்புண்டு. ஆனால் அங்கே ஏன் அவ்வளவு வேகம்? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரே அறையில் தாத்தாவும் பேரனும். வீட்டுத் தனிமைக்கு அரசு கேட்டது தனி அறை, தனிக் கழிப்பறை. அது வீட்டைப் பற்றிய உண்மை, வீட்டில் வசிப்பவர்களின் ரத்தத்தைப் பற்றியது அல்ல. அடைப்புக்கு வெளியே இருந்தவர்களோ அதைப் பிறவிக் குணமாக எடுத்துக்கொண்டார்கள். "கடப்புறத்துக்காரர்கள் அப்படித்தான்" என்ற பேச்சுக்கு எந்தப் பரிசோதனைக் கூடமும் சான்று தரவில்லை.

அடைப்பெல்லாம் தளர்ந்த பிறகு, அந்த ஆண்டின் கடைசியில், விழிஞ்ஞத்தை ஒட்டிய முக்கோலைப் பக்கம் ஓர் உறவினர் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். படித்த குடும்பம். ஊரடங்கில் மொட்டைமாடியில் குரோ பேக் வைத்து வெண்டையும் கீரையும் வளர்த்தவர்கள். பலாக்கொட்டை ஷேக் அடித்து முகநூலில் படம் போட்டவர்கள். அந்தக் கொட்டைகளை உட்கார்ந்து உரித்தது யார் என்பது வேறொரு கட்டுரை. காலையில் மீன்காரம்மா வந்தார். தலையில் அலுமினியச் சருவம், முகத்தில் ஒழுங்காகக் கட்டிய மாஸ்க். கேட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருந்தது. மீனை அதன் மேல் வைத்துவிட்டு அவர் பின்னால் நகர்ந்துகொள்ள வேண்டும். ரூபாய் நோட்டு கேட் தூணின் மேல், ஒரு கல்லுக்கு அடியில். மீதிச் சில்லறையை அவர் அங்கேயே வைத்தால், அது சானிட்டைசர் குளித்துவிட்டு உள்ளே போகும்.

அயலை நன்றாக இருந்தது. பேரம் நடந்தது. வளைகுடாவிலிருந்து வந்து தனிமையில் இருக்க வேண்டிய மகன், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு கேட் வரைக்கும் வந்து, செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னான். மீன்காரம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒருமுறை குடித்துவிட்டுத் தூக்கிப்போடுகிற கப்பில் வந்தது. வாங்கிக் குடித்துவிட்டு அவர் சொன்னார்: "மீனுக்கு ஒண்ணும் இல்லியா அக்கா? அதையும் நான்தானே தொட்டேன்."

அக்கா சிரித்தார். மீன் உள்ளே போனது. எல்லை தாண்டி வந்திருந்த என்னை யாரும் ஸ்டூலுக்கு அந்தப்பக்கம் நிறுத்தவில்லை. நடுக்கூடத்தில், ஜன்னல் சாத்தி ஏசி போட்டு, ஆறேழு பேர் சேர்ந்து சாயா குடித்தோம்.

இதில் கிருமியின் பக்கம் நின்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். டிரிபிள் லாக்டவுன் தொடங்கிய அதே 2020 ஜூலை 6 அன்று, 239 அறிவியலாளர்கள் ஆதரித்த ஒரு கடிதம் வெளியானது. இந்த நோய் காற்றில் மிதக்கும் நுண்துளிகளாலும் பரவுகிறது, மூடிய அறையில் காற்றோட்டம் முக்கியம் என்று உலக சுகாதார நிறுவனத்தை அவர்கள் வற்புறுத்தினார்கள். நாணயத்தையும் நோட்டையும் குளிப்பாட்டுவதைவிட ஜன்னலைத் திறப்பதுதான் காரியம் என்று பின்னால் தெளிவானது. அப்படியானால், கடல்காற்று வீசுகிற திறந்த வாசலில் மாஸ்க்கோடு நின்ற அந்த அம்மாதான் அன்று அந்த வீட்டுக்கு வந்தவர்களில் ஆபத்துக் குறைந்தவர். ஆபத்து நடுக்கூடத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தது. எங்கள் மாஸ்க் எல்லாம் சட்டைப் பையில் இருந்தது. 'நம்ம ஆள்' என்பதால் கிருமி விலகிப் போய்விடும் என்று நினைப்பதும், 'கடப்புறத்து ஆள்' என்பதால் கிருமி இருக்கும் என்று நினைப்பதும் ஒரே மூடநம்பிக்கை. கல்யாண வீடுகளில் தொற்றை வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு அதைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சொந்தபந்தம்தான்.

தீண்டாமை சுகாதாரம் என்று இன்னும் வாதாடுகிறவர்களுக்கு டாக்டர் பல்புவைக் காட்ட வேண்டும். அய்யன்காளி பிறந்த அதே 1863-ல், அதே திருவனந்தபுரத்தில், ஈழவக் குடும்பத்தில் பிறந்தவர். திருவிதாங்கூரில் மருத்துவம் படிக்கச் சாதி தடையானது, சென்னைக்குப் போய்ப் படித்தார். திரும்பி வந்தபோது சமஸ்தானம் வேலை தர மறுத்தது. மைசூர் அரசு சேர்த்துக்கொண்டது. 1890-களின் இறுதியில் பெங்களூரைப் பிளேக் சூறையாடியபோது நோயாளிகளுக்கு நடுவே நின்று வேலை பார்த்தவர்களில் அவரும் ஒருவர். கொள்ளைநோயோடு மோதத் தெரிந்த மருத்துவரை, அவர் பிறந்த சமஸ்தானம் 36 எட்டு தள்ளி நிறுத்தியிருந்தது. இதுதான் முன்னோர் கண்ட பொதுச் சுகாதாரம்!

ஆசாரத்தை மாற்ற முடியாது, அது ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்பார்கள். எவ்வளவு சுலபமாக மாறியது என்று பார்த்தோமே. ஆற்றுகால் கோயில் பொங்கலுக்குத் தெருத் தெருவாக லட்சக்கணக்கான பெண்கள் அடுப்பு மூட்டுவது திருவனந்தபுரத்தின் பெருமை. 2021-லும் 2022-லும் அவரவர் வீட்டு முற்றத்திலேயே பொங்கல் வைக்கச் சொன்னார்கள், வைத்தார்கள். தேவி கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. ஆலப்புழை லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டம், புதைப்பதே வழக்கமாக இருந்த கல்லறைத் தோட்டத்தில், 2020 ஜூலையில் கோவிட்டில் இறந்தவர்களை எரிக்க அனுமதித்தது. உடம்புக்கு ஆபத்து என்றதும் வழக்கத்தை ஒரே வாரத்தில் மாற்ற முடிகிறது. எதிரே நிற்கும் மனிதருக்கு அவமானம் என்றால் மட்டும் தலைமுறைகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

கேரளத்துக்காரர்களை மட்டும் சொல்லித் தப்பிக்க நமக்கு வழியில்லை. சென்னையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் 2020 ஏப்ரலில் கோவிட்டில் இறந்தபோது, அடக்கம் செய்யக் கொண்டுபோனவர்களைக் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டினார்கள். மண்ணுக்குள் போன உடல் நோய் பரப்பும் என்று எந்த மருத்துவரும் சொல்லியிருக்கவில்லை. வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று சில அடுக்குமாடிகளில் எழுதி ஒட்டினார்கள். அதே லிஃப்டில் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகளோடு வீட்டுக்காரர்கள் ஏறினார்கள்.

பயத்தில் செய்தது, பயத்துக்குச் சாதி ஏது என்று அந்த உறவினர் என்னிடம் வாதாடினார். நியாயமான வாதம்தான். பயம் யாருக்கும் வரும், எனக்கும் வந்தது. ஆனால் பயம் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வழி இருக்கிறது. சானிட்டைசர் பாட்டில் காய்ந்துபோய்ப் பல வருஷமாகிறது. மாஸ்க் அலமாரியின் மூலையில் கிடக்கிறது. கல்யாணத்தில் கட்டிப்பிடித்துக்கொள்கிறோம். கேட்டுக்கு வெளியே கிடந்த ஸ்டூல் உள்ளே வந்துவிட்டதா? வேலைக்காரம்மாவுக்குப் பின்வாசலில் கவிழ்த்து வைத்த தனித் தம்ளர், கொரோனாவில் வந்ததா அல்லது அதற்கு முன்பே இருந்ததா?

அவர் வீட்டில் முன்பே இருந்தது. கொரோனாவில் அதற்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். அடுத்த தொற்று வரும்போது அந்தக் கேட்டில் நான் ஒன்றை மட்டும் கேட்பேன்: வாசலில் நிற்பவருக்கு நீங்கள் விடுகிற ஆறடியை, சோபாவில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மச்சானுக்கும் விடுவீர்களா?