ஸ்கேன் கூறும் எடை

ஓசூர் சிப்காட்டை அண்டி வாழும் இளந்தம்பதியர் பேறுகாலம் நெருங்குகையில் நம்மிடம் காட்டும் தாள்களில் ஓர் எண் தவறாமல் இடம்பெறுகிறது. “குழந்தை 3.6 கிலோவாம் சாமி, சிசேரியன்தான் நல்லதாம்” என்கின்றனர். கணவரின் ஷிப்டும், சொந்த ஊரிலுள்ள தாயாரின் அச்சமும் சேர்ந்து அவ்வெண்ணைத் தீர்ப்பாகவே ஆக்கிவிடுகின்றன.

அவ்வெண் தராசில் பிறந்ததன்று. சிசுவின் தலை, வயிற்றுச் சுற்றளவு, தொடையெலும்பின் நீளம் ஆகியவற்றைத் திரையில் அளந்து, பெரும்பாலும் ஹாட்லாக் என்னும் அமெரிக்க மருத்துவர் 1985-இல் வகுத்த சூத்திரத்தைக் கொண்டு கருவி கணக்கிட்டுத் தருவது. நூற்றுக்குப் பதினைந்து வரை கூடவோ குறையவோ கூடும். 3.6 கிலோ என்பது உண்மையில் 3.1 ஆகவும் இருக்கலாம், 4.1 ஆகவும் இருக்கலாம். பெரிய குழந்தைகளிடத்தில், அதாவது அவ்வெண் மிகவும் தேவைப்படும் இடத்திலேயே, அதன் துல்லியம் இன்னும் குறைகிறது.

தோள் சிக்கிக் குழந்தையின் கை நரம்பு சிதையுமோ என்பதே மருத்துவரின் அச்சம். அது பொய்யச்சம் அன்று. ஆயினும் 1996-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின் கணக்கை நோக்குவோம். நீரிழிவற்ற தாய்மாரில், மதிப்பீடு 4.5 கிலோவை எட்டினாலே அறுவை என விதித்தால், நிரந்தரமான ஒரு நரம்புச் சிதைவைத் தடுக்க 3,695 சிசேரியன்கள் வேண்டும். அந்த ஒரு குழந்தையின் கை அற்பமா? இல்லை. ஆனால் ஏனைய தாய்மாரின் வடுவும் அற்பமன்று. அடுத்த பேற்றில் நஞ்சுக்கொடி அவ்வடுவில் ஒட்டிக்கொண்டு உயிருக்கே உலை வைக்கக்கூடும். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி நீரிழிவற்றோருக்கு 5 கிலோ, நீரிழிவுடையோருக்கு 4.5 கிலோ என வரம்பு கூறுகிறது. நம் பெண்கள் உடலமைப்பில் சிறியவர்கள் என்று நம் மருத்துவர்கள் மறுமொழி கூறலாம், அது செவிமடுக்கத்தக்கதே. எனினும் 3.6 வெகு தொலைவிலுள்ளது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பேறுகளில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. இயற்கைப் பேறே புண்ணியம் என்போருடன் நாம் உடன்படுவதில்லை. தக்க தருணத்துச் சிசேரியன் எத்தனையோ தாய்சேய்களைக் காத்துள்ளது. நம்மை உறுத்துவது வேறொன்று. மனிதச் செயல்களில் கணிதத்தின் நிச்சயத்தைத் தேடலாகாது என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பிக்கிறார். அவ்வாறாயின், ஊகத்தை ஊகமென்று சொல்லாமல் பெறும் இசைவு எவ்வகை இசைவு? பிழை எவ்வளவு, சர்க்கரை உண்டா, வலி தொடங்கும்வரை காத்திருக்கலாமா எனக் கேட்கத் தாய்க்கு உரிமையுண்டு. நெரிசலான புறநோயாளர் வரிசையில் அவளுக்குக் கிட்டுவதோ ஐந்து நிமிடம். அதிலும் பாதி, கணவரிடம் பேசப்படுகிறது.