வீட்டின் குறையும் நம் பொறுமையின் அளவும்



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது வீண் வார்த்தையல்ல. கல்யாணமாவது நாலு நாளில் முடிந்துவிடும். வீட்டு வேலையோ சாவி கைக்கு வந்த பிறகும் முடிவதில்லை. கதவு இழுக்கிறது, ஓட்டில் நீர் கசிகிறது, தரைக்கல் ஒன்று மற்றொன்றோடு நிறம் சேரவில்லை என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். இவற்றையெல்லாம் சரி செய்து தா என்று வற்புறுத்துவதா, போகட்டும் என்று விட்டுவிடுவதா? இது கொத்தனார் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. நம் ஈமானும் சம்பந்தப்பட்ட விஷயம்.

நாம் வசிப்பது கேமரன் மலை. 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்து சென்றதால் இம்மலைக்கு அப்பெயர் வந்தது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. தோட்டங்களை அடுத்துக் கடைத்தெருக்கள் எழுந்தன. இன்று தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் ரிங்லெட்டிலும் வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு இம்மலையின் குளிரும் மழையும் பழகிப்போன சங்கதிகள். ஆனால் சமவெளியில் சின்னக் குறையாயிருப்பது இங்கே சின்னக் குறையாகவே இருந்துவிடுவதில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சில காலத்துக்கு முன், நம் சகோதரர் ஒருவர் மலைச்சரிவில் வீடு கட்டி முடித்தார். கண்ட்ராக்டரோடு மனஸ்தாபம் ஏற்பட்டு, மத்தியஸ்தம் பேச நம்மை அழைத்தார். அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் 37 குறைகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. விளக்குப் பொத்தான் சாய்ந்திருக்கிறது, கதவில் கீறல், சாயத்தில் தூரிகைத் தடம் என்று பட்டியல் நீண்டது. இவை தீரும்வரை கடைசித் தவணை கிடையாது என்று நிறுத்தி வைத்துவிட்டார். அதனால் வேலையாட்களுக்கு ஐந்து வாரக் கூலி நின்றுபோயிருந்தது.

நம்முடன் வந்தவர்களில் தேயிலைத் தோட்டத்தில் பல்லாண்டு உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக்குள் வரவேயில்லை. நேராகக் கொல்லைப்புறம் சென்று, மண் சரியாமல் தாங்கும் சுவரைத் தடவிப் பார்த்தார். "தண்ணி வெளியே வர்ற ஓட்டை எங்கேப்பா?" என்று கேட்டார். கண்ட்ராக்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஓட்டைகள் வைக்கத்தான் வைத்தாராம். சுவர் வழவழவென்று அழகாயிருக்க வேண்டுமென்று வீட்டுக்காரர் திரும்பத் திரும்ப வற்புறுத்தியதால், அவற்றின்மேல் பூசி அடைத்துவிட்டாராம்.

37 குறைகளில் இந்தக் குறை இல்லை. சகோதரர் வெகுநேரம் பேசவில்லை.

மலையில் மழை பெய்தால் நீர் மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய நீருக்கு வழியில்லையானால் சுவருக்குப் பின்னே தேங்கி, மண்ணைக் கனமாக்கிச் சுவரைத் தள்ளும். தோட்டத்தில் சரிவுதோறும் வடிகால் வெட்டி வைத்திருப்பது நீருக்கு வழிவிடத்தான். இவ்விஷயத்தில் அலட்சியம் என்ன செய்யும் என்பதை நாடு கண்ணீரோடு கண்டிருக்கிறது. 1993 டிசம்பர் 11ஆம் தேதி சிலாங்கூர் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டனர். பின்புறச் சரிவில் நீர் முறையாக வடியாததும், தாங்கு சுவர்கள் இடிந்ததும் அதன் காரணங்களில் முக்கியமானவை.

ஆகவே சகோதரர்களே, குறைகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது நலம்.

முதலாவது, உயிருக்கு ஆபத்தான குறை. வடிகால், தாங்கு சுவர், மின்கம்பி, அகன்றுகொண்டே போகும் வெடிப்பு ஆகியவை இவ்வகை. இவற்றில் தாட்சண்யம் பார்ப்பது பெருந்தன்மையாகாது. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் நமக்களித்த நெறி. நம் சுவர் விழுந்தால் கீழ்வீட்டுக்காரர் மீதல்லவா விழும்? அவருடைய உயிரை மன்னித்துவிட நமக்கு உரிமை ஏது?

இரண்டாவது, பேசிய பேச்சுக்கு மாறான குறை. இன்ன மரம் என்று பேசி வேறு மரம் வைப்பதும், இன்ன கனம் என்று சொல்லி மெலிந்த தகரம் போடுவதும் இவ்வகை. இங்கே கேட்பது நம் ஹக்கு. மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் வாங்கியவருக்கு உரிமையுண்டு என்று நம் ஃபிக்ஹு நூல்கள் தனிப் பாடமே வைத்திருக்கின்றன. தானியக் குவியலுக்குள் கையைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசம் செய்வோரை எவ்வளவு கண்டித்தார்கள் என்பதை நாமறிவோம். நாட்டுச் சட்டமும் துணை நிற்கிறது. உரிமம் பெற்ற மேம்பாட்டாளரிடம் வீடு வாங்கினால், சாவி பெற்றதிலிருந்து 24 மாதத்துக்குள் காணும் குறைகளை எழுத்து மூலம் தெரிவிக்கலாம்; 30 நாளுக்குள் அவர் தம் செலவில் செப்பனிட வேண்டும். சொந்த நிலத்தில் கண்ட்ராக்டரை வைத்துக் கட்டுவோருக்கோ அவரோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தமே துணை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்லாஹ் கட்டளையிட்டிருக்க, இலட்சக்கணக்கான வெள்ளிக்கு வீடு கட்டுகிற நாம் வாய்ப்பேச்சோடு நிற்கலாமா?

மூன்றாவது, கண்ணுக்கு மட்டும் உறுத்தும் குறை. இங்கேதான் நம் பொறுமைக்குப் பரீட்சை. விற்கும்போதும் வாங்கும்போதும் தன் ஹக்கைக் கேட்கும்போதும் மென்மையாய் நடப்பவனுக்கு அல்லாஹ்வின் ரஹ்மத்தை வேண்டினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். கேட்காதே என்று சொல்லவில்லை. கேட்பதில் மென்மை வேண்டும் என்றார்கள். ஒருமுறை சொல்லுவோம்; செய்தால் நல்லது. செய்யாவிட்டால் அந்தக் கீறலை அல்லாஹ்வுக்காக விட்டுவிடுவோம். விட்டது வீணாகாது.

ஆனால் விட்டுக்கொடுப்பது நம் சொந்தப் பொருளில்தான். மதரசாவுக்குக் கட்டடம் எழுப்பும் நிர்வாகியும், எத்தீம்களின் வீட்டைப் பராமரிப்பவரும் கண்ட்ராக்டரிடம் "பரவாயில்லை" என்று சொல்லிவிட முடியாது. அது அமானத்து. பிறர் பொருளில் தயாள குணம் காட்டுவது தயாளமாகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குறையைச் சாக்காக வைத்துக் கூலியை நிறுத்தாதீர்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணிக்கப்பட்ட உம்மத்து நாம். குறைக்கு இவ்வளவு தொகை நிறுத்தப்படும், இன்ன தேதியில் விடுவிக்கப்படும் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டால் அது நியாயம். பேசாத ஒன்றைப் பின்னர் பிடித்து வைத்து, யார் தவறென்றே தெரியாமல் கல் சுமந்தவன் பட்டினி கிடந்தால் அது அநியாயம்.

அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடுதான் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான். இந்த எச்சரிக்கை தராசோடு நிற்கிறதா? நம் வீட்டில் ஒரு தரைக்கல் நிறம் மாறியதற்குச் சண்டை பிடிக்கும் நாம், கடை ஆட்களைத் தங்க வைத்திருக்கும் மாடியறைக்கு ஏறிப் பார்த்தோமா? இந்தக் குளிரில் அங்கே கூரை ஒழுகுகிறதா, சுவரில் பூஞ்சணம் பூத்திருக்கிறதா? வேலையாட்களின் தங்குமிடத்துக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்து 1990இல் இந்நாடு சட்டம் செய்திருக்கிறது. சட்டத்துக்கு முன்பே நாளைக் கேள்விகணக்கு நம்மீதிருக்கிறது.

அந்தச் சகோதரரின் வீட்டு விவகாரம் அன்று மாலையே முடிந்தது. கூலி கொடுக்கப்பட்டது. ஒப்பந்தப்படி செய்ய வேண்டிய ஆறு வேலைகளை ஒரு மாதத்துக்குள் செய்வதாகக் கண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்தார். சுவரின் ஓட்டைகள் மறுநாளே திறக்கப்பட்டன. மீதியைச் சகோதரர் தாமே பேனா எடுத்து அடித்துவிட்டார். அடுத்த அடைமழையில் அந்த ஓட்டைகளிலிருந்து செம்மண் நீர் பாய்ந்து வழிந்ததாம். வழவழப்பாயிருந்த சுவரில் இப்போது கறை படிந்திருக்கிறது. அந்தக் கறையைப் பார்க்கும்போதெல்லாம் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்வதாக நம்மிடம் கூறினார்.

வற்புறுத்த வேண்டியதில் உறுதியையும், விட்டுவிட வேண்டியதில் விசால மனதையும், இரண்டையும் பிரித்தறியும் தெளிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.