மூன்று கட்டங்களும் ஒரு கண்ணாடியும்

பருவத் தேர்வு முடிந்து விடைத்தாள்களும் கைக்கு வந்தாயிற்று. வகுப்பாசிரியர் ஆளுக்கொரு தாளை நீட்டுகிறார். தாளில் மூன்று கட்டங்கள். எதில் முன்னேறியிருக்கிறேன்? எனக்கு எது நன்றாக வரும்? எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்? முதல் இரண்டு கட்டங்களில் பேனா தயங்கித் தயங்கி நகரும். மூன்றாவதில் தடையே இருக்காது. கையெழுத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும், வகுப்பில் பேச்சைக் குறைக்க வேண்டும், கணக்கில் கவனக்குறைவைத் தவிர்க்க வேண்டும். வகுப்பில் நாற்பது பேர் என்றால் பெரும்பாலான தாள்களில் இந்த மூன்று வரிகளும் ஏதோ ஓர் உருவில் இருக்கும்.

இவை யாருடைய வரிகள்? பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் அம்மாவிடம் சொன்னவை. வீடு திரும்பும் வழியில் அம்மா மறுபடி சொல்லிக்காட்டியவை. பிள்ளை தன்னைப் பார்த்து எழுதியதைவிடத் தன்னைப் பற்றிக் காதில் விழுந்ததை எழுதியதே அதிகம்.

ஆசிரியரின் மதிப்பீட்டோடு மாணவர் தானே செய்யும் மதிப்பீடும், உடன் படிப்பவர்களின் மதிப்பீடும் முன்னேற்ற அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. அந்தக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டிலும், ஆண்டிறுதித் தேர்வை மட்டுமே நம்பும் பழக்கம் அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது. 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் செய்யும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டது. படிவங்கள் புதியவை. அவற்றுக்குள் இருக்கும் கேள்வி மட்டும் மிகப் பழையது. மதிப்பிடுகிறவரும் மதிப்பிடப்படுகிறவரும் ஒரே ஆளாக இருக்க முடியுமா?

இந்தக் கேள்வியை ஒரு சிறுவனிடம் கொண்டுபோனவர் புத்தர். சிறுவன் அவருடைய மகன் ராகுலன். அவனுக்கு அப்போது ஏழு வயது என்று உரை மரபு சொல்கிறது. ராஜகிருகத்தை அடுத்த அம்பலட்டிகாவில் தங்கியிருந்த அவனைப் பார்க்கத் தந்தை ஒரு நாள் மாலை வந்தார். மகன் இருக்கை போட்டு, கால் கழுவத் தண்ணீர் வைத்தான். கால் கழுவிய புத்தர் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்து, தெரிந்தே பொய் சொல்லக் கூசாதவரின் துறவு இவ்வளவே என்றார். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிக் காட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார், நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டினார். அதற்குப் பின்தான் கேட்டார், கண்ணாடி எதற்காக என்று. பார்த்துக்கொள்வதற்காக என்றான் பையன். செயலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்றார் புத்தர். செய்யும் முன் ஒரு முறை, செய்துகொண்டிருக்கும்போது ஒரு முறை, செய்து முடித்தபின் ஒரு முறை. உடலால் செய்வது, வாயால் சொல்வது, மனத்தால் நினைப்பது ஆகிய மூன்றுக்கும் இதுவே விதி.

பாலி மொழிப் பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 61ஆவது சூத்திரம் இது. பார்த்தபின் என்ன செய்வது என்பதையும் அது சொல்லிவிடுகிறது. செயலிலோ சொல்லிலோ தவறு தெரிந்தால் ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ திறந்து சொல்லிவிட்டு, இனி அப்படி நேராமல் காத்துக்கொள்ள வேண்டும். நல்லதாகத் தெரிந்தால் மகிழ்ந்திருந்து, பயிற்சியைத் தொடர வேண்டும். இரண்டாவது கட்டத்தில் பேனா தயங்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தன் நல்லதைக் கண்டு மகிழ்வதும் பயிற்சியில் சேர்த்திதான். இந்த அறிவுரை கல்லிலும் ஏறியிருக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர், ராஜஸ்தானின் பைராட்டில் கிடைத்த கல்வெட்டில், துறவிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டு மனத்தில் வைக்க வேண்டிய ஏழு நூல்பகுதிகளைப் பட்டியலிட்டார். பொய்யைப் பற்றி ராகுலனுக்குச் சொன்ன உபதேசம் அவற்றில் ஒன்று.

ரோமில் இதே வேலை இரவில் நடந்தது. கோபத்தைப் பற்றி எழுதிய நூலில் செனகா, செக்ஸ்டியஸ் என்ற தத்துவவாதியின் வழக்கத்தைச் சொல்கிறார். படுக்கப் போகும் முன் அவர் தன் மனத்திடம் மூன்று கேள்விகள் கேட்பாராம். இன்று எந்தக் கெட்ட பழக்கம் குணமானது, எந்தக் குறையை எதிர்த்து நின்றாய், எந்த வகையில் முன்பைவிட மேலாகியிருக்கிறாய்? பள்ளிப் படிவத்தின் மூன்று கட்டங்களுக்கும் இவற்றுக்கும் பெரிய தூரமில்லை. செனகாவும் அதைப் பின்பற்றினார். விளக்கை எடுத்துச் சென்றபின், கணவரின் வழக்கம் அறிந்த மனைவி பேசாமல் இருந்துவிடுவார். அந்த இருட்டில் அவர் பகல் முழுவதையும் திரும்பப் புரட்டிப் பார்ப்பார். தன்னிடமிருந்து எதையும் மறைக்க மாட்டார். காரணமும் சொல்கிறார்: மறுபடி செய்யாதே, இந்த முறை மன்னித்தேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வழியிருக்கும்போது தன் தவறுக்கு அஞ்சுவானேன்?

இப்படி ஊருக்கு ஊர் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. கன்பூசியஸின் மாணவர் செங்ஸி தன்னிடம் கேட்டுக்கொண்ட மூன்று கேள்விகளில் கடைசி கேள்வி படிப்பைப் பற்றியது: கற்பிக்கப்பட்டதைப் பழகினேனா? சமணர்கள் தம் தவறுகளை எண்ணி வருந்தும் பிரதிக்கிரமணம் செய்கிறார்கள். இயேசு சபைத் துறவிகளுக்கு நாளுக்கு இருமுறை ஆன்ம சோதனை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த சூஃபி அறிஞர் ஒருவருக்கு அல் முஹாசிபி என்றே பெயர் நிலைத்துவிட்டது. தன்னிடமே கணக்குக் கேட்பவர் என்று பொருள்.

இத்தனை பேர் வற்புறுத்தியும் சந்தேகம் தீரவில்லை. கண் எல்லாவற்றையும் பார்க்கும், தன்னை மட்டும் பார்க்காது. புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவரும் இதைத் தொட்டுவிட்டே போகிறார். பிறர் குற்றத்தைப் பார்ப்பதுபோல் தன் குற்றத்தைப் பார்க்க முடிந்தால் உயிர்களுக்குத் தீங்கே இல்லை என்கிறார். 'முடிந்தால்' என்ற நிபந்தனையை அவர் சும்மா வைக்கவில்லை.

1999இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஜஸ்டின் குரூகரும் டேவிட் டன்னிங்கும் இந்த நிபந்தனையை மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். தர்க்கம், இலக்கணம் போன்றவற்றில் தேர்வு வைத்து, நூறு பேரில் உன் இடம் எது என்று அவரவரையே கேட்டார்கள். மதிப்பெண்ணில் கீழ்க்கால் பகுதியில் இருந்தவர்கள் உண்மையில் சராசரியாகக் கீழிருந்து 12ஆவது படியில் நின்றார்கள். தாங்கள் 62ஆவது படியில் நிற்பதாக நினைத்தார்கள். மேல்கால் பகுதியினர் தங்கள் இடத்தைக் குறைத்தே சொன்னார்கள். ஆய்வாளர்கள் தந்த விளக்கம் எளிமையானது. ஒன்றைச் சரியாகச் செய்ய எந்த அறிவு வேண்டுமோ, செய்தது சரியா என்று கண்டுபிடிக்கவும் அதே அறிவு வேண்டும். இலக்கணம் வராத பிள்ளைக்குத் தன் இலக்கணப் பிழை எப்படிக் கண்ணில் படும்?

மேதைக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கும்பகோணத்தில் படித்த ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றவற்றைக் கைவிட்டதால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரி மாணவராக எழுதிய எஃப்.ஏ. தேர்வும் கைகூடவில்லை. பிறகு 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் தொடக்கத்தை ஒரு தன்மதிப்பீட்டுப் படிவமாகவே படிக்கலாம். சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுத்தர், ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம், வயது ஏறக்குறைய 23, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, ஓய்வு நேரமெல்லாம் கணிதம். குறையையும் மறைக்கவில்லை, பலத்தையும் அடக்கி வாசிக்கவில்லை. ஆனால் வயதே சரியாக இல்லை. 1887 டிசம்பரில் பிறந்தவருக்கு அப்போது 25 நிறைந்திருந்தது. அதைவிடப் பெரிய பிசகு ஒன்றும் இருந்தது. பகா எண்களைப் பற்றி அவர் மிகுந்த உறுதியோடு சொன்ன முடிவுகள் தவறானவை. அவற்றைத் தவறென்று காட்ட ஹார்டி தேவைப்பட்டார். வியக்கவைத்த மற்றத் தேற்றங்களின் உண்மையான உயரத்தை உலகுக்குச் சொல்லவும் அதே ஹார்டிதான் தேவைப்பட்டார்.

ஆக, கண்ணாடி ஓரளவுக்குத்தான் உதவும், இன்னொரு கண் வேண்டும். ராகுலனுக்குப் புத்தர் சொன்ன வழியிலேயே அந்தக் கண் இருக்கிறது. ஆசிரியரிடமோ தோழரிடமோ போய்ச் சொல்லச் சொன்னார் அல்லவா?

தன்மதிப்பீட்டின் அடிப்படையையே கேள்வி கேட்டவரும் உண்டு. 1895இல் மதனப்பள்ளியில் பிறந்த சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி பள்ளியில் மந்தம் என்று பெயர் எடுத்து அடி வாங்கியவர். பிற்காலத்தில் கல்வியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒப்பிடுவதே பிள்ளையைச் சிதைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பையனோடு ஒப்பிட்டாலும், நாளை ஆக வேண்டிய 'நல்ல நான்' என்ற கற்பனையோடு ஒப்பிட்டாலும், இன்று இருப்பதைப் பார்க்கத் தவறிவிடுகிறோம் என்பது அவர் வாதம். மூன்றாவது கட்டத்தை அவரிடம் நீட்டியிருந்தால், திருத்துவது இருக்கட்டும், முதலில் பார் என்றிருப்பார். கேட்க நன்றாக இருக்கிறது. எட்டாம் வகுப்பில் பின்னம் புரியாத பிள்ளைக்கு இது போதாது. புரியவில்லை என்று பார்த்தபின் யாராவது புரியவைத்தாக வேண்டும். என்றாலும் அவருடைய எச்சரிக்கையில் ஒரு பாதி நிற்கிறது. 'நல்ல நான்' எப்படி இருக்க வேண்டும் என்று ஆசிரியர் எதிர்பார்ப்பது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அந்த எதிர்பார்ப்புக்கு ஏற்றபடி எழுதிக் கொடுத்துவிடும்.

கையெழுத்தைத் திருத்துவேன் என்ற வரியையே எடுத்துக்கொள்ளலாம். மாணவராக இருந்தபோது காந்தி அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். நல்ல கையெழுத்து கல்விக்கு அவசியமில்லை என்ற எண்ணம் எங்கிருந்தோ தன்னிடம் ஒட்டிக்கொண்டது என்றும், இங்கிலாந்து போகும்வரை அது விடவில்லை என்றும் அவரே சொல்கிறார். பிறகு தென்னாப்பிரிக்காவில், அங்கேயே பிறந்து படித்த இளைஞர்களும் வழக்கறிஞர்களும் அழகாக எழுதுவதைக் கண்டபோது வெட்கப்பட்டார். திருத்திக்கொள்ள முயன்றார். காலம் கடந்துவிட்டிருந்தது. பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன் ஓவியம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது அந்த வெட்கத்தில்தான். மாணவர்கள் வழக்கமாக எழுதித் தரும் அதே வரிதான். இங்கே அது யாரிடமும் இரவல் வாங்கியதல்ல, அதனால் ஒரு யோசனையாவது அதிலிருந்து பிறந்தது.

மரபுகள் எல்லாவற்றிலும் தன்னாய்வுக்கு ஒரு காவல் இருந்ததைக் கவனிக்க வேண்டும். செனகாவுக்கு இருட்டும் மனைவியின் மௌனமும். ராகுலனுக்கு, கேட்டுக்கொள்ளும் ஓர் ஆசிரியர். செங்ஸிக்குத் தன் மனம். இவர்களில் யாருடைய தாளும் மதிப்பெண்ணோடு சேர்த்துத் தைக்கப்படவில்லை. பள்ளிப் படிவம் இங்கேதான் சறுக்குகிறது. அதே தாளில் மதிப்பெண், அதே தாளில் மனம், கீழே பெற்றோர் கையொப்பம். அந்த நிலையில் யார் எழுதினாலும் மனு எழுதுவார்களே தவிர மனத்தை எழுத மாட்டார்கள். தன்மதிப்பீடு வேண்டாம் என்பதல்ல வாதம். அது வேண்டும். அந்தப் பக்கத்தைப் பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும். யாரிடம் காட்டுவது என்று பிள்ளையே முடிவுசெய்யட்டும். காட்டினால் கேட்டுக்கொள்கிறவர் சிவப்பு மையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கட்டும்.

ராஜ்கோட்டில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அப்படி ஒரு தாள் எழுதினான். அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து கொஞ்சம் வெட்டியெடுத்ததை ஒப்புக்கொண்டு, தக்க தண்டனை கேட்டு, தன் பிழைக்காகத் தந்தை தம்மை வருத்திக்கொள்ளக் கூடாது என்று வேண்டி, இனித் திருட மாட்டேன் என்று உறுதி சொல்லி, நடுங்கியபடி நீட்டினான். நோயில் படுத்திருந்த கரம்சந்த் காந்தி எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாள் நனைந்தது. சற்று நேரம் கண்களை மூடி யோசித்தார். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.