பிள்ளைகளின் கையைக் கட்டிவிட்டு அன்பைக் கற்பிப்பதா?

2022 கடைசியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறையை அடுத்த பாலக்கரையில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானார். அத்தகைய செய்திகள் அதோடு நிற்கவில்லை. பிள்ளைகள் துடைப்பம் பிடித்த காட்சி ஏதோ ஒரு ஊரிலிருந்து பரவுவதும், மறுநாளே யாராவது பணியிடை நீக்கம் செய்யப்படுவதும் வழக்கமாகிவிட்டன. எதற்கு வம்பு என்று, செடிக்குத் தண்ணீர் விடக்கூடப் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறார்கள் ஆசிரியர்கள். மிச்சமிருப்பது கரும்பலகையில் எழுதிப்போடும் அன்பு மட்டும்தான்.

சாதி பார்த்து ஒரு பிள்ளையின் கையில் துடைப்பத்தைக் கொடுப்பது குற்றம். அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அந்தக் குற்றத்துக்குப் பயந்து எல்லாப் பிள்ளைகளின் கைகளையும் கட்டிப்போடுவது இன்னொரு தீங்கு. இரக்கம் காதால் கேட்டு வருவதில்லை, கையால் செய்து பழகி வருவது.

தமிழுக்கு இது புதுப் பாடமும் அல்ல. குமரி மாவட்டம் தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை குழந்தைகளுக்குப் பாடியபோது பசுவையும் கன்றையும்தான் முன்னே கொண்டுவந்து நிறுத்தினார். அவருடைய ‘ஆசிய ஜோதி’யில் புத்தர் கருணையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, நடக்கமாட்டாத ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொள்கிறார். வள்ளுவர் அன்புடைமைக்கும் அருளுடைமைக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். குமரிக்கு நீராட வந்த தாய் வழியில் விட்டுச்சென்ற பிள்ளை மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன். வேள்விக்குக் கட்டியிருந்த பசு நடுங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, இரவோடு இரவாக அதை அவிழ்த்துக்கொண்டு போனான். ஊர் அவனைத் துரத்தியது. அவன் மதுரைக்குப் போய்ப் பிச்சையெடுத்துக் குருடருக்கும் முடவருக்கும் ஊட்டினான். இவர்களில் ஒருவராவது அறத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தவரா?

நற்றிணையில் ஒரு நெய்தல் காட்சி உண்டு. விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னை விதை முளைத்துவிட, பெண்கள் அதற்குப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். அது உங்கள் உடன்பிறந்தாள் என்று தாய் சொல்லிவைக்கிறாள். பிறகு அந்த மர நிழலில் காதலனோடு நின்று பேசவே மகளுக்குக் கூச்சமாகிறது. மரத்தை வெட்டாதே என்று தாய் சட்டம் பேசவில்லை. பெண்கள் கையால் வளர்த்தார்கள், உறவு கூடவே வந்தது. விளக்கு வைத்த பிறகு இலை பறிக்கப்போகும் பேரனிடம், “மக்களே, செடி உறங்குதுல்லா, நாளைக்குப் பறிக்கலாம்” என்று ஒரு நாஞ்சில்நாட்டுப் பாட்டி சொல்வதும் இந்த வழியில் வந்ததுதான்.

இதை ஆய்வும் சொல்கிறது. பதினெட்டு மாதக் குழந்தைகூட, எதிரே இருப்பவர் கைதவறவிட்ட பொருளை யாரும் கேட்காமலேயே எடுத்துக் கொடுக்கும் என்று 2006-இல் வார்னகென், தொமசெல்லோ என்ற இரு உளவியலாளர்கள் காட்டினார்கள். இரண்டாண்டு கழித்து அவர்களே இன்னொன்றும் கண்டார்கள்: உதவிக்குப் பரிசு கொடுத்துப் பழக்கினால், பரிசு நின்றதும் அந்தக் குழந்தைகளின் உதவியும் குறைகிறது. உதவிக்கு மதிப்பெண்ணும் கேடயமும் கொடுத்துப் படம் எடுத்துப் போடும் பள்ளிகள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2016-இல் சொன்னது நல்லதே. அதையும் தேர்வுக்கான பத்து மதிப்பெண்ணாக மாற்றிவிட்டோமானால் வள்ளுவருக்குச் செய்த மரியாதை என்ன?

பிள்ளைகள் படிக்கத்தான் வருகிறார்கள், வேலை செய்ய அல்ல என்பார்கள். சரிதான். ஆனால் ஜப்பானியப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் வகுப்பறையைத் தாங்களே துடைக்கிறார்கள். அவர்களின் படிப்பு கெட்டுப்போகவில்லை. 1937-இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோதும் கைவேலையைத்தான் கல்வியின் நடுவில் வைத்தார். காந்திக்கு முன்பே குமரி மாவட்டம் சாமித்தோப்பில் சமூகச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றில் குளிக்கவும் ஒரே பந்தியில் உண்ணவும் வைத்தார். சமத்துவத்தைச் சொல்லிக்கொடுக்க அவர் கண்ட வழி கூடச் சேர்ந்து செய்யவைப்பதே. ஒரே பிள்ளையை ஏவினால் அடிமைத்தனம், எல்லோரும் குனிந்தால் தொண்டு.

தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்த ஈரநிலத் தொகுதி 2022 முதல் ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. கூழைக்கடா வந்திறங்கும் அந்தக் கரைக்குப் பக்கத்துப் பள்ளிகளின் பிள்ளைகளை அழைத்துப்போய், ஒதுங்கிக்கிடக்கும் நெகிழிப் பைகளைப் பொறுக்கச் சொல்லலாம். கோடையில் பறவைகளுக்குச் சிரட்டையில் தண்ணீர் நிரப்பி மதில்மேல் வைக்கச் சொல்லலாம். காய்ச்சலில் வராத தோழனுக்குப் பாடக்குறிப்பை எழுதிக்கொண்டு போய்க் கொடுக்கச் சொல்லலாம். கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்புவதாக இருந்தால் அதில் இவை இருக்கட்டும். கழிப்பறைக்குச் சம்பளத்துக்கு ஆள் போடுவது அரசின் கடமை என்று முதல் வரியிலேயே எழுதட்டும். மற்ற வேலைகளுக்குச் சாதியும் மதிப்பெண்ணும் பாராமல் முறை வைக்கட்டும். அந்த முறைப்பட்டியலில் ஆசிரியர்களின் பெயரும் இருக்கட்டும், தலைமையாசிரியர் பெயரிலிருந்தே தொடங்கி.