துணி அலமாரிக்குள் 56 நோட்டுகள்

மூன்று வாரமாக அமெரிக்க நாவலாசிரியர் பட்ரீஷியா ஹைஸ்மித்தின் டைரித் தொகுப்பை வாசித்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பக்கம், சில நாள் இரண்டே பக்கம். வேகம் கூடவில்லை. பிறத்தியார் டைரி கையில் இருக்கும்போது, கதவு லேசாக அசைந்தாலும் புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றுகிறது. எழுதியவர் இறந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தக் கூச்சம் போகவில்லை.

1995 பிப்ரவரி 4-ம் தேதி, சுவிட்சர்லாந்தின் லொகார்னோ ஊர் ஆஸ்பத்திரியில் அவர் இறந்தார். வயது 74. பக்கத்துக் கிராமமான டேக்னாவில் அவர் கட்டிக்கொண்ட வீட்டில், துணி அடுக்கும் அலமாரிக்குள் இருந்தன இந்த நோட்டுகள். 18 டைரிகள், 38 வேலைக் குறிப்பு நோட்டுகள், சுமார் 8,000 பக்கம். அவருடைய பதிப்பாசிரியராக இருந்த அன்னா ஃபோன் பிளான்டா அதைச் சலித்து எடுத்து 2021-ல் ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தார்.

இரண்டு வகை நோட்டுக்கும் வேலை வேறு. யாரைப் பார்த்தேன், யாரோடு சண்டை, யார்மேல் காதல், எவ்வளவு குடித்தேன் என்பதெல்லாம் டைரிக்கு. கதைக்கரு, படித்தது, மனசில் முளைத்த விபரீதங்கள் மற்றதற்கு. டைரியில் ஒரு பகுதி, அவருக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழிகளில் இருக்கிறது: பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், இத்தாலியன். பழகுவதற்காக எழுதியிருக்கலாம், ஒளிப்பதற்காகவும் இருக்கலாம். தப்புத்தப்பான ஜெர்மனில் ஒருத்தி தன் காதலை எழுதிவைக்கிறாள் என்றால், அவள் யாரிடமிருந்து ஒளிக்கிறாள் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

*

1921 ஜனவரி 19, டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த். அப்பாவும் அம்மாவும் விவாகரத்து வாங்கிப் பத்து நாள்கூட ஆகாத நிலையில் பிறந்த பிள்ளை. கருவைக் கலைக்க டர்பன்டைன் குடித்துப் பார்த்ததாக அம்மாவே பின்னால் மகளிடம் சொன்னாள். உனக்கு அந்த வாசனை பிடிப்பது வேடிக்கைதான் என்று ஒரு கேலியும் சேர்த்து. ஹைஸ்மித் என்பது மாற்றாந்தகப்பன் பெயர்.

எட்டு, ஒன்பது வயதில் வீட்டு அலமாரியில் கார்ல் மெனிங்கரின் ‘மனித மனம்’ என்ற புத்தகம் கிடைக்கிறது. மனநல மருத்துவர் ஒருவர் பொதுஜனத்துக்காக எழுதியது. திருடாமல் இருக்க முடியாதவர்கள், தீ வைக்காமல் இருக்க முடியாதவர்கள் என்று கேஸ் கேஸாக விவரிக்கும். மற்றப் பிள்ளைகள் தேவதைக் கதை படிக்கிற வயதில் இவர் இதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அந்த ஆட்களெல்லாம் எதிர்வீட்டில் இருக்கலாம், பார்த்தால் தெரியாது என்பதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. பிற்பாடு எழுதிய இருபத்திரண்டு நாவல்களும் அந்த எதிர்வீட்டைப் பற்றியவைதாம் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. கொஞ்சம்தான்.

*

நேற்றைய மழைக்குப் பிறகு, துவைக்கிற கல்லின் பக்கவாட்டில் ஒரு நத்தை. காபியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கு கொம்பு. நீளமான இரண்டின் நுனியில் கடுகளவு கண். தண்ணீர்ச் சொட்டு ஒன்று பக்கத்தில் விழுந்ததும் ஒரு கொம்பை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டது. மற்றது வெளியிலேயே இருந்தது, விசாரிப்பதுபோல. காபி ஆறியபோது ஒரு சாண் ஏறியிருந்தது.

ஹைஸ்மித் நத்தை வளர்த்தார். 1946-ல் நியூயார்க்கில் ஒரு மீன் கடையில் இரண்டு நத்தைகள் விநோதமாகப் பின்னிக்கிடந்ததைப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். 1960-களில் இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் இருந்தபோது முந்நூறுக்குப் பக்கம் சேர்ந்துவிட்டது. ஒரு விருந்துக்குக் கைப்பையில் லெட்டூஸ் இலையும் நத்தைகளுமாகப் போய் இறங்கினார் என்ற கதை அவரைப் பற்றி எழுதும் எல்லோருக்கும் பிடித்தது. கோமாளித்தனமாக எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது ஆண், எது பெண் என்று பிரிக்க முடியாத உயிர். ஒவ்வொன்றிலும் இரண்டும் உண்டு. பெண்களைக் காதலித்து, அந்தக் காலத்தில் அதை வெளியே சொல்ல முடியாமல் இருந்தவருக்கு, அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஏதோ ஆறுதல் இருந்திருக்க வேண்டும்.

அந்த ஆறுதலையும் அவர் சும்மா விடவில்லை. ‘ஆழ்ந்த நீர்’ (1957) நாவலில் நத்தை வளர்க்கிறவன்தான் கொலை செய்கிறான். நல்ல அப்பா, பொறுமைசாலி, அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் பிடித்தவன். நத்தைகளைப் பார்க்கும் அதே நிதானத்தில் மனைவியின் காதலர்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

*

1948 டிசம்பர். கிறிஸ்துமஸ் கூட்டம். நியூயார்க் புளூமிங்டேல்ஸ் கடையின் பொம்மைப் பிரிவில் இருபத்தேழு வயது ஹைஸ்மித் தற்காலிக வேலையில் நிற்கிறார். மனப்பகுப்பாய்வு சிகிச்சைக்குக் கட்டப் பணம் வேண்டும். பெண்கள்மேல் வரும் ஆசையைச் ‘சரிசெய்து’கொண்டு ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பது அந்தச் சிகிச்சையின் நோக்கம். அப்போது மிங்க் கோட்டு அணிந்த ஒரு பெண்மணி வருகிறார். ஒரு பொம்மை வாங்குகிறார், அனுப்பவேண்டிய முகவரியைச் சொல்கிறார், போய்விடுகிறார். சில நிமிஷம், அவ்வளவே.

அன்று சாயங்காலம் அறைக்குப் போய் இரண்டு மணி நேரத்தில் ஒரு நாவலின் முழுக் கதையையும் எழுதி முடித்தார். மறுநாள் காய்ச்சல். உடம்பெல்லாம் கொப்புளம். சின்னம்மை. கடைக்கு வந்த ஏதோ பிள்ளையிடமிருந்து ஒட்டியது. காதல், கரு, அம்மை மூன்றும் ஒரே கவுண்டரில் கிடைத்தன.

பிறகு 1950-ல், அந்த முகவரியை வைத்துக்கொண்டு நியூஜெர்சிக்கு ரயிலும் பஸ்ஸும் ஏறிப்போய் அந்தப் பெண்மணியின் வீட்டுப் பக்கம் நடந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பேசவில்லை, பேசும் எண்ணமும் இல்லை. இந்தப் பகுதியைப் படித்தபோது புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டேன். அவர் நாவல்களில் திரும்பத் திரும்ப வருகிற ஆள் இதுதான்: இருட்டில் நின்று வெளிச்சமான ஜன்னலைப் பார்ப்பவன். ‘ஆந்தையின் அலறல்’ நாவலில் ஒருவன், முன்பின் தெரியாத பெண் சமையலறையில் வேலை செய்வதை மரங்களுக்கு நடுவில் நின்று பார்ப்பான். அவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அவள் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்தால் அவனுக்கு நிம்மதி, அவ்வளவுதான். அந்த நிம்மதியிலிருந்து சாவுகள் வரிசையாக வருகின்றன.

பொம்மைக் கடையில் பிறந்த நாவல் ‘உப்பின் விலை’. 1952-ல் கிளேர் மார்கன் என்ற பொய்ப்பெயரில் வந்தது. இரண்டு பெண்கள் காதலிக்கிறார்கள், முடிவில் யாரும் சாகவில்லை, யாரும் தண்டிக்கப்படவில்லை. அன்றைக்கு அது பெரிய துணிச்சல். மலிவுப் பதிப்பு பத்து லட்சத்தை நெருங்கி விற்றது. முகம் தெரியாத கிளேர் மார்கனுக்குக் கட்டுக்கட்டாகக் கடிதங்கள். ஹைஸ்மித் தன் பெயரைப் போட்டுக்கொண்டது 1990-ல், ‘கேரல்’ என்ற தலைப்பில். முப்பத்தெட்டு வருஷம். கொலைகாரர்களைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கெல்லாம் கூசாமல் சொந்தப் பெயர் போட்டவர்.

*

‘ரயிலில் சந்தித்த அந்நியர்கள்’ (1950) முதல் நாவல். ஹிட்ச்காக் தன் பெயரை மறைத்து 7,500 டாலருக்கு உரிமையை வாங்கி மறுவருஷமே படமெடுத்தார். படத்தில் கதாநாயகன் கொலை செய்வதில்லை. நாவலில் செய்கிறான். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் ஹைஸ்மித் இருக்கிறார். நல்லவனை ஒருவன் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறான், கடிதம் எழுதுகிறான், வாசலில் வந்து நிற்கிறான். ஒருநாள் நல்லவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். எந்த வரியில் அவன் மாறினான் என்று பின்னோக்கிப் புரட்டித் தேடினால் அகப்படாது.

*

அவருடைய எழுத்துப் பட்டறை ரகசியங்களில் எனக்கு மிகப் பிடித்தது ‘திறமைசாலி மிஸ்டர் ரிப்ளி’ எழுதிய கதை. 1966-ல் சஸ்பென்ஸ் எழுதுவது பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதில் ஒரு பகுதியைச் சொல்கிறார்.

விதை 1952-ல் விழுந்தது. இத்தாலியில் பொசிட்டானோ. காலை ஆறு மணி இருக்கும். ஹோட்டல் பால்கனியில் நிற்கிறார். கீழே கடற்கரையில் தோளில் துண்டோடு ஒரு இளைஞன் தனியாக நடந்து போகிறான். எதையோ யோசித்தபடி. யாரென்று தெரியாது, மறுபடி பார்க்கவும் இல்லை.

பிறகு அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் லெனாக்ஸ் ஊர்ப் பக்கம் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுக்கிறார். வீட்டுக்காரர் பிணங்களைப் பதப்படுத்தி அடக்கத்துக்குத் தயார்செய்யும் தொழிலில் இருப்பவர். ஹைஸ்மித்துக்கு வேறென்ன வேண்டும். உடம்பைத் திறந்தபின் உள்ளே எதை வைத்து நிரப்புவீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார். மரத்தூளாம். பிணத்துக்குள் அபினை வைத்து ரயிலில் கடத்துவதாக அப்போது ஒரு யோசனை இருந்தது. நல்லவேளை, விட்டுவிட்டார்.

ஊர் நூலகம் நன்றாக இருக்கிறது, காற்று நன்றாக இருக்கிறது, எழுத்தும் சுகமாக ஓடுகிறது. எழுபத்தைந்து பக்கம் வந்ததும் நிறுத்துகிறார். நான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், அதனால் வாக்கியமும் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று படுகிறது. ரிப்ளி அப்படிப்பட்டவன் அல்ல. நாற்காலி விளிம்பில் உட்காருகிறவன், உட்கார்ந்தாலும் எழத் தயாராக இருக்கிறவன். எழுதியதையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு, தானும் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அதன் பிறகு, ரிப்ளி எழுதுகிறான், நான் தட்டச்சு மட்டும் செய்கிறேன் என்று தோன்றும் அளவுக்கு வந்துவிட்டது.

1955-ல் வந்த அந்த நாவலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நடுக்கடலில், சின்னப் படகில் ரிப்ளி ஒருவனைத் துடுப்பால் அடித்துக் கொல்லும் இடம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் நீளம். செத்தவன் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்ற வேண்டும். படகைக் கல் நிரப்பி மூழ்கடிக்க வேண்டும். ஈரத்துணியோடு ஊர் திரும்ப வேண்டும். பெட்டிகட்ட வேண்டும், கையெழுத்துப் பழக வேண்டும், செத்தவனின் பெற்றோருக்குக் கடிதம் எழுத வேண்டும். கொலை என்பது இவ்வளவு சில்லறை வேலையா என்று அலுப்புத் தட்டுகிற நேரத்தில் அழைப்பு மணி அடிக்கிறது. ஐயோ மாட்டிக்கொள்வானே என்று நமக்குப் பதறுகிறது. கொன்றவனுக்காகப் பதறுகிறோம் என்பது அடுத்த பக்கத்தில்தான் உறைக்கிறது.

கடைசிப் பக்கத்தில் விலங்கு மாட்டுகிற கதைகளில் வளர்ந்த எனக்கு, இருபது வயதில் இந்த நாவலின் முடிவு கோபத்தைத் தந்தது. அவன் தப்பிவிடுகிறான். அதோடு விடாமல் இன்னும் நான்கு நாவல்களில் தொடர்ந்து வருகிறான், தோட்டம் போட்டுக்கொண்டு, ஓவியம் வாங்கிக்கொண்டு. இப்போது கோபம் இல்லை. வயது கூடியது காரணமாக இருக்கலாம். தப்பித்தவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கம் இந்த நாவலுக்குத் தந்த பாராட்டுப் பத்திரத்தை ஹைஸ்மித் குளியலறையில் மாட்டிவைத்தார். ஈரத்தில் பூசணம் பிடித்தது. துடைக்கக் கழற்றியபோது தன் பெயருக்கு முன்னால், மிஸ்டர் ரிப்ளியும் என்று கையால் எழுதிச் சேர்த்தார்.

*

இன்று டைரியை வாசிக்கக் கஷ்டமாக இருந்தது. வயதாக ஆக, யூதர்கள்மேலும் கறுப்பினத்தவர்மேலும் அவர் கொட்டிய வெறுப்பு அதிகமாகிறது. தொகுத்தவர்கள் குறைத்திருக்கிறார்கள், முழுக்க மறைக்கவில்லை. அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. அந்தக் காலத்திலேயே நண்பர்கள் முகம் சுளித்திருக்கிறார்கள்.

மனசைப் பார்த்துக்கொண்டே இரு, அது தானாக அடங்கும் என்று சின்ன வயதில் ஒரு பெரியவர் எனக்குச் சொல்லித்தந்தார். திண்ணையில் உட்கார்ந்து நானும் பார்த்தேன், கொஞ்ச நாள். ஹைஸ்மித் ஐம்பது வருஷத்துக்கு மேல் பார்த்தார், பேனாவும் கையுமாக. பொறாமை எப்படி எழுகிறது, எந்த நிமிஷத்தில் அது திட்டமாகிறது என்பதை அவரைப்போல நுணுக்கமாகக் கவனித்தவர் குறைவு. ஆனாலும் ஒன்றும் அடங்கவில்லை. காதல்கள் முறிந்தன, குடி கூடியது, வெறுப்பு முற்றியது. கடைசி வீடு தெருப் பக்கம் கோட்டைச் சுவர் மாதிரி. புத்தகங்கள் மட்டும் நன்றாக வந்தன. அந்தப் பெரியவர் இருந்தால் கேட்டிருப்பேன்.

இன்னொன்றும் எழுதிவைக்க வேண்டும். 1948-ல் நியூயார்க் மாநிலத்தில் யாடோ என்ற கலைஞர் விடுதியில் இரண்டு மாதம் தங்கித்தான் முதல் நாவலை உருப்படியாக்கினார். இறக்கும்போது சொத்தை, சுமார் 30 லட்சம் டாலர், அந்த விடுதிக்கே எழுதிவைத்துவிட்டார்.

*

‘ஈடித்தின் டைரி’ (1977). ஹைஸ்மித் நாவல்களில் என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான். கொலைக்காகப் படிக்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பென்சில்வேனியாவில் ஒரு குடும்பத்தலைவி. புருஷன் இளையவள் ஒருத்தியோடு போய்விடுகிறான். அவனுடைய கிழட்டு மாமாவைப் படுக்கையில் போட்டு இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மகன் உதவாக்கரை, பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்டவன், குடித்துவிட்டு அறையில் கிடக்கிறான். அவள் டைரியில் மட்டும் மகன் பிரின்ஸ்டனில் படிக்கிறான், இன்ஜினியர் ஆகிறான், நல்ல பெண்ணைக் கட்டுகிறான், குழந்தை பிறக்கிறது. முதல் பொய் ரொம்பச் சின்னது. அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவதற்காக எழுதியது.

வாசித்து முடித்தபிறகு என் நோட்டை எடுத்துப் புரட்டினேன். போன மாசி மாதம், படுக்கையில் கிடந்த சித்தப்பாவைப் போய்ப் பார்த்த நாள். பத்து நிமிஷம்கூட நான் அங்கே இல்லை. மருந்து வாசனை தாங்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சித்தியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் என் கையைப் பிடித்திருந்தார், நான்தான் விடுவித்துக்கொண்டேன். அடுத்த வாரம் போய்விட்டார்.

நோட்டில், என் கையெழுத்தில், சித்தப்பாவோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தேன் என்று இருக்கிறது. பழைய ஊர்க்கதையெல்லாம் சொன்னாராம். என்ன கதை என்றுகூட ஒரு வரி எழுதியிருக்கிறேன்.