கர்த்தா யார்?

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கான்பூரில் பிரிட்டிஷார் சிதைத்துக் கைவிட்டுச் சென்ற லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைப் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை செப்பனிட்டது. அவற்றைக் கொண்டே 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5ஆம் அணி உருவாயிற்று.

போர்க்காலத்தில் இவ்வகை விமானம் ஒன்றில் ஏறத்தாழப் பத்துப் பேர் பறந்தனர். பலர் இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர்கள். விமானி செலுத்துவார், ஒருவர் வழி கணிப்பார், வேறொருவர் குறிபார்த்துக் குண்டுகளை விடுவிப்பார், மற்றவருள் பலர் துப்பாக்கியுடன் காவல் இருப்பர். கீழே ஒரு வீடு எரிந்தால் அச்செயலுக்குக் கர்த்தா யார்? விசையை அழுத்தியவரா, ஆணையிட்டவரா? பழியைப் பத்தாகப் பகிர்ந்தால் சுமை குறையும் என்று மனம் கணக்கிடும். கூலியைப் பகிரலாம், பழி அவ்வாறு பகிரப்படுவதன்று. விமானி மறுத்தால் விமானம் எழாது. குறிபார்ப்பவர் மறுத்தால் குண்டு விழாது. விமானம் தீப்பற்றி வீழ்ந்தபோது மரணமும் பத்தாகப் பிரிந்து வரவில்லை; மாண்ட ஒவ்வொருவருக்கும் முழுதாகவே வந்தது.

அவர்கள் கொடியவர்கள் அல்லர். அவ்வளவு உயரத்திலிருந்து முகங்கள் தெரியா. அது அவர்களுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் காணாமை வேறு, அறியாமை வேறு.

செப்பனிடப்பட்ட விமானங்கள் பின்னர் கடற்கண்காணிப்பிலும் ஈடுபட்டு, 1968இல் ஓய்வு பெற்றன. அவற்றில் திருகாணி முடுக்கிய பெங்களூர்த் தொழிலாளி இக்கேள்விக்கு வெளியே நிற்பவரா? கப்பலைத் தேடுவதற்கும் ஊரை எரிப்பதற்கும் திருகாணி ஒன்றே. தம் கைவேலை எதற்குப் பயன்படும் என்று அறிந்த அளவிற்கு அவருக்கும் பங்குண்டு. அறிய விரும்பாதிருந்தால் அதற்கும் சேர்த்தே.