தன்வினையும் பிறர் கருணையும்

தானே தேடிக்கொண்ட துன்பத்திற்குப் பிறர் கருணையில் பங்கு உண்டா என்னும் பழைய வினா, சமய நூல்களைப் புரட்டுவோருக்கு மட்டும் உரியதன்று. பல் சுத்தம் செய்யும் அறையிலும் அது நாள்தோறும், யாரும் வாய்விட்டுக் கேளாமலே, தீர்க்கப்பட்டு வருகிறது. 1956இல் பழுப்பு நிலக்கரிக்கென நிறுவனம் அமைந்து, அதையொட்டி எழுந்த நெய்வேலி நகரியத்தில், இரவு ஷிப்டில் தூக்கத்தை வெல்லப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிப் பழகிய சுரங்கத் தொழிலாளி ஒருவர், ஈறு வீங்கி, பல்லெல்லாம் காரை படிந்து, நாற்காலியில் வந்து சாய்வதாக வைத்துக்கொள்வோம். “இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறீரே!” என்று எழும் முதல் வார்த்தை, சொல்பவர் அறியாவிட்டாலும், கர்மக் கொள்கையின் மிக மலிவான பதிப்பேயாகும்.

அங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள வடலூரில் 1867இல் பசித்தோர்க்குச் சோறிடத் தருமச்சாலை கண்ட இராமலிங்க அடிகள், இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்டவர். முன்வினையால் வருந்துவோர்க்கு உதவுவது ஈசுவர ஆக்ஞைக்கு விரோதமாகாதோ என்ற ஆட்சேபத்திற்கு, சிறையிட்ட குற்றவாளிக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவளிப்பதைக் காட்டி அவர் சமாதானம் சொன்னார். வேலங்குச்சியாலும் ஆலம்விழுதாலும் பல்லழுக்கு நீக்கிக் கரிசாலைத் தூளால் தேய்க்கும்படி நித்திய கரும விதியில் எழுதிவைத்தவரும் அவரே. தேக சுத்தியை அற்பமென்று ஒதுக்கிய துறவியல்லர்.

எனினும் சோறும் சிகிச்சையும் ஒன்றல்ல. இட்ட சோறு அப்போதைய பசியைத் தீர்க்கிறது; காரையைச் சுரண்டியெடுத்த சில மணி நேரத்திலேயோ பல்லின்மீது கிருமிப் படலம் மீண்டும் கட்டத் தொடங்குகிறது; அதை அன்றாடம் நீக்க வல்லது நோயாளியின் கையே. வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது நோயுற்றவனை முதலில் வைத்தது யாப்பின் நிர்ப்பந்தம் என்பாருண்டு. எனக்கு அது போதவில்லை; நோயாளியின் பங்கின்றிச் சிகிச்சை நிறைவுறாது என்பதே அவ்வரிசையின் பொருளாகத் தோன்றுகிறது. நமது 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டங்கூட, பல் சுகாதாரப் பணியாளரின் தொழிலாகச் சுரண்டுவதையும் துலக்குவதையும் மட்டும் கூறி நில்லாமல், வாய்ச் சுகாதாரம் போதிப்பதையும் சேர்த்திருந்தது.

போதனையோ கேட்பதிலிருந்து தொடங்க வேண்டியது. காரை எடுத்தால் பல் ஆடிப்போகும் என்று அத்தொழிலாளி அஞ்சினால், அது மூடத்தனமன்று. காரை அடைத்திருந்த இடம் வெறுமையானதும் நாவுக்கு அப்படித்தான் தோன்றும். உண்மையில் பல்லை ஆட்டங்காண வைப்பது, ஈற்று நோயால் ஏற்கெனவே கரைந்துபோன எலும்பு. இதைக் கண்ணாடியில் காட்டி விளக்கக் கால் மணி நேரம் பிடிக்கலாம். புகையிலையை விடச் சொல்வது எளிது. இரவு இரண்டு மணிக்கு, இயந்திரத்தின் அருகே கண் செருகும்போது, அதற்குப் பதிலாக என்ன செய்ய இயலும் என்பதை அவரிடமே கேட்டாக வேண்டும்.